கணனி தானாகப் போடும் பேர்

தோட்டத்திலே "பேர்" என்றால் அது வெறும் பேர் மட்டும் இல்லை என்பது நமக்குத் தெரியும். காலையிலே பிரட்டுக்குப் போய், மலை ஏறி, கொழுந்து பறித்து, நிறுத்து, கணக்கப்பிள்ளை பதிந்தால்தான் அன்றைக்குப் பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். பதியாமல் விட்டால் வேலை செய்தும் பேர் இல்லை. ஆகவே, நம்ம பேரை யார் பதிகிறார், சரியாகப் பதிகிறாரா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் நம்ம சனத்துக்குப் புதிதல்ல.

இப்போது இன்னொருவரும் நம்ம பேரைப் பதிகிறார். அவர் ஆள் இல்லை. கணனியிலும் கைத்தொலைபேசியிலும் இணையத்தைத் திறந்து காட்டுகிற "பிரவுசர்" என்னும் மென்பொருள்தான் அவர். குரோம், பயர்பொக்ஸ் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதுதான். இணையத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்து ஓர் எழுத்தை அடித்தவுடனே, மீதியை அதுவே நிரப்பி விடுகிறது. நல்ல உதவிதான். ஆனால் யாருடைய பேரை நிரப்புகிறது என்பதைப் பார்க்க வேண்டியது நம்ம வேலை. இதை எழுதத் தூண்டியது யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு சம்பவம்.

நம்ம பிள்ளைகள் பல பேர் இன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள் உண்டு. கோப்பாய் கல்வியியல் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறவர்கள் உண்டு. டவுனில் புடைவைக் கடை, சாப்பாட்டுக் கடைகளில் வேலைக்கு நிற்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு கடையில் வேலை செய்துகொண்டு, அத்தை வீட்டில் தங்கியிருந்த ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. உண்மைப் பேரை இங்கே போடவில்லை. லெட்சுமி என்று வைத்துக்கொள்வோம். உயர்தரம் முடித்தவள். ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பம் கோரியிருந்தார்கள். இணையம் வழியாக மட்டுமே விண்ணப்பிக்கலாம். கடைசி நாளுக்கு முதல் நாள், வேலை விட்டு வரும் வழியில் ஒரு கொமியூனிகேஷனுக்குள் போனாள்.

அங்கே இருந்த பையன் கெட்டிக்காரன். படிவத்தைத் திறந்து, அவள் பேரின் முதல் ஆங்கில எழுத்தை அடித்தான். உடனே கீழே ஒரு பட்டியல் விழுந்தது. அதில் ஒரு பேர் அவளுடைய பேரைப் போலவே இருந்தது. அதைத் தட்டினான். பேர், விலாசம், தபால் குறியீடு, தொலைபேசி இலக்கம் எல்லாம் ஒரே தட்டில் நிரம்பிவிட்டன. "தங்கச்சி, இது தானா வரும், ஒண்டும் அடிக்கத் தேவையில்லை" என்றான். "சரிங்கண்ணே" என்றாள் இவள். தகப்பன் பேரை மட்டும் மாற்றினான். அடையாள அட்டை இலக்கத்துக்கான கட்டம் காலியாக இருந்ததால், அதை அட்டையைப் பார்த்து அடித்தான். அனுப்பினான். அச்செடுத்துக் கொடுத்தான். இவள் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் வரவேயில்லை. கூடப் படித்த பிள்ளை ஒருத்திக்கு வந்ததைக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் விசாரித்தபோது, அது முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அப்போதுதான் அந்த அச்சுத்தாளை விரித்துப் பார்த்தாள். விலாசம் கொக்குவிலில் ஒரு வீடு. தொலைபேசி இலக்கமும் அந்த வீட்டாருடையது. பேரும் அவளுடைய பேர் இல்லை. என்றைக்கோ அதே கடைக்கு வந்து, அதே கணனியில் விண்ணப்பம் நிரப்பிய யாரோ ஒரு அம்மாவின் பேர். குறுஞ்செய்தியும் கடிதமும் அந்த அம்மாவைத் தேடித்தான் போயிருக்கும்.

பையனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? காலியாக இருக்கிற கட்டத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். நிரம்பியிருக்கிற கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். அடையாள அட்டை இலக்கம் மட்டும் சரியாக இருந்ததற்குக் காரணம், அந்தக் கட்டத்தைக் கணனி நிரப்பாமல் விட்டதுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இணையப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. செக்ரோலில் ஒவ்வொரு பத்திக்கும் தலைப்பு இருப்பதைப் போல. "இது பேர்", "இது தெரு", "இது தொலைபேசி" என்று படிவத்தைச் செய்தவர் எழுதி வைப்பார். பிரவுசர் அந்தச் சீட்டை வாசித்து, தன்னிடம் முன்பு சேர்த்து வைத்ததில் பொருத்தமானதைப் போடும். சீட்டு சரியாக எழுதப்படவில்லை என்றால், பக்கத்தில் உள்ள சொற்களைப் பார்த்து ஊகித்துப் போடும். அதற்கு ஆளைத் தெரியாது. திரைக்கு முன்னால் இருப்பது லெட்சுமியா, கொக்குவில் அம்மாவா என்று அது கேட்பதில்லை.

அதன் ஞாபகம் ஒரு வகை மட்டும் இல்லை. ஒரு கட்டத்தில் முன்பு யார் எதை அடித்தார்களோ அதைப் பட்டியலாகக் காட்டுவது ஒன்று. பேர், விலாசம், தொலைபேசி மூன்றையும் ஒரே ஆளின் கட்டாகச் சேர்த்து வைத்து, ஒரே தட்டில் கொட்டுவது இன்னொன்று. கடவுச்சொல்லை ஞாபகம் வைத்திருப்பது மூன்றாவது. லெட்சுமி மாட்டிக்கொண்டது இரண்டாவதில். "இந்த விலாசத்தைச் சேமிக்கவா?" என்று பிரவுசர் கேட்டபோது யாரோ ஒருவர் "ஆம்" என்று தட்டியதன் பலன் அது.

இந்த வசதி இன்று நேற்று வந்ததல்ல. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1999இல் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 என்ற பிரவுசரிலேயே, முன்பு அடித்ததை ஞாபகப்படுத்தி நிரப்பும் வேலை இருந்தது. குரோமில் 2010இல் வந்தது. ஒரு கணனி, ஒரு ஆள், ஒரு பேர். அதை நினைத்துச் செய்த வசதி இது. நூறு பேர் வந்து போகிற கொமியூனிகேஷனையும், அஞ்சு பேருக்கு ஒரே போன் உள்ள லயத்து வீட்டையும் நினைத்துச் செய்ததல்ல.

நம்ம பேருக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் வழக்கப்படி பேர் இரண்டு துண்டு. முதலில் சொந்தப் பேர், கடைசியில் குடும்பப் பேர். பிரவுசருக்கு எழுதி வைத்த விதிகளிலும் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கிறது. தகப்பன் பேருக்கென்று தனி இடம் கிடையாது. தமிழருக்கோ முன்னால் தகப்பன் பேர், பின்னால் சொந்தப் பேர். குடும்பப் பேர் என்று ஒன்று நமக்கு வழக்கமே இல்லை. தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட செல்வநாயகம் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப்பேர் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். வேலுப்பிள்ளை தகப்பனார். செல்வநாயகம்தான் அவருடைய பேர். ஆனால் கணனியிடம் முழுப்பேரைக் கொடுத்தால், கடைசிச் சொல்லைப் பிடித்துக் குடும்பப் பேராக்கி விடும். வெளிநாடு போன தமிழர்கள் பலருக்கு இதுவே தலைகீழாக நடந்தது. தகப்பன் பேரைக் குடும்பப் பேர்க் கட்டத்தில் போட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரியிலே தகப்பன் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள். நமது நாட்டுப் பாஸ்போர்ட்டிலும் "சர்நேம்" என்றும் "அதர் நேம்ஸ்" என்றும் இரண்டு இடம் உண்டு. எதில் எது என்று ஒரு தடவை தீர்மானித்தால், பிறகு எல்லாப் படிவத்திலும் அப்படியே போட வேண்டும். பிரவுசர் ஒரு படிவத்தில் ஒரு மாதிரியும் மறு படிவத்தில் வேறு மாதிரியும் வெட்டிப் போடக்கூடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கூட்டல் அதைவிடப் பெரிய கதை. நம்ம பக்கத்தில் லெட்சுமி என்ற பேரை ஆங்கிலத்தில் எழுதும்போது எல், ஈ, டி, சி, எச் என்று தொடங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் அதே பேரை எல், ஏ, கே, எஸ் என்றும், எல், யூ, எக்ஸ் என்றும் எழுதுகிறவர்கள் அதிகம். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். அலுவலகத்துக்கு அவை மூன்றும் மூன்று ஆட்கள். கொமியூனிகேஷன் பையனுக்குப் பட்டியலில் வந்த எழுத்துத்தான் பழகிய எழுத்து. அதனால்தான் அவன் சந்தேகப்படவில்லை. ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து ஐயாமார் பலர் நம்ம தோட்டங்களுக்குக் கிளாக்கராகவும் வாத்தியாராகவும் வந்து, நம்ம அப்பன் பாட்டன் பேரைத் தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதினார்கள். இப்போது நம்ம பிள்ளை அங்கே போய் இன்னொரு எழுத்தில் பேர் வாங்கிக்கொண்டு வருகிறது.

பேரிலே ஓர் எழுத்து மாறினால் என்ன என்று இளம் பிள்ளைகள் கேட்கலாம். வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்ம சனம் நாடற்றவர்களானது. செல்வநாயகம் அவர்கள் ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இந்தச் சட்டமும் ஒரு முக்கிய காரணம். அதே 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. சின்னச் சின்னக் காரணங்களுக்காகவும் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அதன் பிறகு பிரிந்து போன குடும்பங்கள், கடைசியில் 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் என்று, ஒரு பேர் பதிவாக இத்தனை வருசம் எடுத்தது. அந்தப் பேரைக் கணனியின் ஊகத்துக்கு விட்டுவிட நமக்கு மனம் வருவதில்லை.

விலாசம் அடுத்த தொல்லை. பல தோட்டங்களில் லயக் காம்பிராக்களுக்குத் தனி இலக்கம் கிடையாது. கடிதம் தோட்டத்தின் பேருக்கு மொத்தமாக வந்து, அங்கிருந்து கைமாறித்தான் வீட்டுக்கு வரும். இணையப் படிவமோ "வீட்டு இலக்கம், தெரு, நகரம்" என்று கேட்கும். வீட்டு இலக்கம் இல்லாத இடத்தில் டிவிஷன் பேரைப் போடுங்கள். தெரு என்ற இடத்தில் தோட்டத்தின் பேர். நகரம் என்ற இடத்தில் தபாலகம் உள்ள ஊர். மாவட்டத் தலைநகரை அல்ல. தபால் குறியீட்டை ஒரு தரம் கண்ணால் பாருங்கள். யாழ்ப்பாணம் 40000, ஹட்டன் 22000, நுவரெலியா 22200, பதுளை 90000. உங்கள் தபாலகத்துக்குரிய குறியீட்டைத் தபால் அதிபரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லெட்சுமியின் தாளில் 40000 என்று இருந்தது. அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தாலே போதும், பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும். தொலைபேசி இலக்கமும் அப்படித்தான். 021 என்று தொடங்கினால் யாழ்ப்பாணம், 051 ஹட்டன், 052 நுவரெலியா, 055 பதுளை.

அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கத் தெரிந்திருப்பதும் நல்லது. 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்பிள்ளைக்கு அதோடு 500ஐக் கூட்டுவார்கள். 2005 ஜனவரி 15இல் பிறந்த ஆண்பிள்ளையின் இலக்கம் 2005015 என்று தொடங்கும், பெண்பிள்ளைக்கு 2005515. எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று கணக்கு வைத்து, மார்ச் முதலாம் திகதியை 61 என்று எண்ணுவார்கள். எனவே நாட்காட்டியில் எண்ணிப் பார்த்து ஒரு நாள் இடித்தால் பயப்பட வேண்டாம். பழைய அட்டையில் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் முன்னால் வரும். மற்றக் கணக்கு ஒன்றே. படிவத்தில் கணனி நிரப்பிய இலக்கம் உங்களுடையதா, வேறொருவருடையதா என்பதை இதை வைத்து அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இனி, கடைக்குப் போனால் என்ன செய்வது? பையனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "அண்ணே, இன்கொக்னிட்டோவில் திறங்க." கொன்ட்ரோல், ஷிப்ட், என் என்ற மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோமில் அந்தக் கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் நீங்கள் அடிப்பது பின்னால் தங்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கணனியில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பிறருடைய பேர் அந்த ஜன்னலிலும் எட்டிப் பார்க்கக்கூடும். ஆகவே அது உங்கள் விபரத்தைக் காக்கும். பிறர் பேர் உங்கள் படிவத்தில் ஏறாமல் காக்காது. அதற்குக் கண்தான் வேண்டும். "சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கடவுச்சொல் விசயத்தில் கட்டாயம் வேண்டாம். மின்னஞ்சலைக் கடையில் திறந்தால், எழும்புவதற்கு முன் வெளியேறி விடுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டமாக வாசியுங்கள். ஆங்கிலம் தெரியாத தாய்மாரும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடலாம். அதற்குப் பாஷை தேவையில்லை.

உங்கள் பேர் ஏற்கெனவே கடைக் கணனியில் தங்கிவிட்டது என்றால், பட்டியல் விழும்போது கீழ் அம்புக்குறியால் அந்தப் பேரில் போய் நின்று, ஷிப்டையும் டிலீட்டையும் சேர்த்து அழுத்தினால் அது அழியும். முழுவதையும் துடைப்பதென்றால் கொன்ட்ரோல், ஷிப்ட், டிலீட். அங்கே "ஓட்டோஃபில்" என்ற வரியில் சரி போட்டுக் கடைக்காரர்தான் அழிக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் செய்தால் அவருக்கும் நல்லது.

சொந்த போன் என்றால் கதை வேறு. அங்கே இந்த வசதி நமக்கு வேலைக்காரன். பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிதானமாக ஒரு தடவை குரோமின் செட்டிங்ஸில் "அட்ரஸஸ்" என்ற இடத்தில் பேரையும் விலாசத்தையும் அட்டையில் உள்ள எழுத்துப்படியே பதிந்து வையுங்கள். பிறகு எத்தனை விண்ணப்பம் போட்டாலும் பேர் ஒரே எழுத்தில் போகும். இது பெரிய நன்மை. வீட்டில் ஒரே போன் என்றால் அம்மா, அண்ணன், தங்கச்சி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதியலாம். நிரப்பும்போது யாரைத் தட்டுகிறோம் என்று பார்த்துத் தட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பேர் வேறு வேறாக இருந்தால், கணனியில் பதிவதற்கு முன் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். பிழையைப் பதிந்து வைத்தால் அது பிழையைத்தான் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும்.

வங்கி அட்டை இலக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜனவரியில் பின்லாந்து நாட்டைச் சேர்ந்த வில்யமி குவொஸ்மனென் என்பவர் ஒரு மாதிரிப் பக்கத்தைச் செய்து காட்டினார். பார்வைக்குப் பேர், மின்னஞ்சல் என்று இரண்டு கட்டம்தான். ஆனால் திரைக்கு வெளியே மறைத்து வைத்த கட்டங்களும் இருந்தன. ஒரே தட்டில் தொலைபேசி, விலாசம் எல்லாம் அந்த மறைந்த கட்டங்களிலும் போய் விழுந்தன. அதே வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆயிரத்துக்கு மேற்பட்ட இணையத்தளங்களில் இதே மாதிரி மறைவான கட்டங்கள் மூலம் மக்களின் மின்னஞ்சல் விலாசத்தைச் சில விளம்பரக் கம்பனிகள் எடுத்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே முன்பின் தெரியாத இடத்தில் தானாக நிரப்ப விடாதீர்கள். வெளியூரில் இருந்து பிள்ளை அனுப்புகிற காசு வந்து விழுகிற அட்டையின் இலக்கத்தைப் பிரவுசரில் சேர்த்து வைக்காமல் இருப்பதே நல்லது.

லெட்சுமிக்கு அந்தத் தடவை இடம் கிடைக்கவில்லை. மாதக் கணக்கில் காத்திருந்து, அடுத்த தடவை விண்ணப்பம் கோரியபோது, அத்தை வீட்டில் இருந்து தன் போனிலேயே நிரப்பினாள். இரண்டு இரவு எடுத்ததாம். தங்கியிருக்கும் இடம் மாறக்கூடும் என்று நினைத்துத் தோட்டத்து விலாசத்தையே கொடுத்தாள். டிவிஷன், தோட்டம், தபாலகம், 22000. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வந்தது. தகப்பன் கையெழுத்துப் போட்டு வாங்கி, அன்று பின்னேரமே போனில் வாசித்துக் காட்டினார். இப்போது அவள் அந்தப் பயிற்சியில் இரண்டாம் தவணை படிக்கிறாள்.

போனில் பேரும் விலாசமும் பதிந்துகொள்ள உதவி தேவைப்படுகிறவர்கள் எங்கள் நலன்புரி நிலையத்துக்கு வரலாம். வரும்போது போனோடு அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு வரவும். பிரதி போதாது, மூலத்தையே கொண்டு வாருங்கள். பிரதியில் சில எழுத்துகள் தெரிவதில்லை.